மனைவியிடமிருந்து மூன்று நாள் லீவு

என் மனைவியிடமிருந்து மூன்று நாள் லீவு எடுப்பது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. வாயைக் கொப்பளித்த பிறகு தைரியம் வரவில்லை. இப்படியே நான்கு நாள் ஓடியது.

தப்பாக நினைக்க வேண்டாம். அவள் நல்லவள். இருபத்திரண்டு வருஷமாக என்னை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு குறை, பேச்சு. நான் படியில் காலை வைத்தால் "குடை எடுத்தீங்களா" என்பாள். அடுத்த படிக்கு "சாவி இருக்கா." அதற்கடுத்த படிக்கு "மாத்திரை போட்டீங்களா." அந்தச் செவ்வாய்க்கிழமை எண்ணிப் பார்த்தேன். எழுந்ததிலிருந்து வாசலைத் தாண்டும் வரை மொத்தம் ஒன்பது வாக்கியம். ஒரு மனிதன் எவ்வளவுதான் தாங்குவான்.

நான் கண்ணாடிக் கடைக்காரன். மூக்குக் கண்ணாடி. வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தொங்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, "இது தெளிவா, அது தெளிவா" என்று வில்லைகளை மாற்றி மாற்றிக் கேட்டு, நடுவில் அவர் வீட்டு விவரங்களை விசாரித்து, என் வீட்டு விவரங்களைச் சொல்லி, பவர் கண்டுபிடித்துக் கொடுப்பது என் தொழில். கண் அவருடையது, வாய் என்னுடையது. பேச்சுதான் பாதித் தொழில். நாள் முழுக்க வாயால் உழைத்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் அமைதி வேண்டாமா?

அவளுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவு. ஒரு நாற்காலி, ஒரு போன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை தண்ணீர் வராதவர்கள் எல்லாரும் கூப்பிட்டுப் பேசுவார்கள். இவள் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும். சுகமான வேலை. அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூன்று நாள் அக்கா வீட்டுக்கு வேறு போய் வருவாள். நான் மட்டும் இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் கூட லீவில்லாமல் கணவனாக இருந்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் ஒரு வாடிக்கையாளர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், தன் பழைய கண்ணாடிக் கூட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் ஒரு துண்டுத்தாள் மடித்து வைத்திருந்தது. மௌன இல்லம். கிறிஸ்தவத் துறவிகள் நடத்துவது. மூன்று நாள் தங்கலாம். எந்த மதத்தவரும் வரலாம். எந்த மதத்தையும் சேராதவரும் வரலாம். தேடல் இருந்தால் போதும்.

எனக்குத் தேடலுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் காலுறை, மாலையில் டிவி ரிமோட். மதத்தைப் பொறுத்தவரை ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம்தான் என் மதம். அதில் மட்டும் நான் தீவிர பக்தன். ஆக எல்லாத் தகுதியும் இருந்தது. சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ம்."

"கொஞ்ச நாளா மனசு எதையோ தேடுதும்மா. கடையில உட்கார்ந்திருக்கேன், ஆனா உள்ளுக்குள்ள ஒரு வெற்றிடம். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரி பண்றேன், என் உள்பார்வை மங்கிப்போச்சு. யோசிச்சுப் பாரு. மனுஷன் எதுக்குப் பிறந்தான்? கண்ணாடிக்குத் திருகு முடுக்கவா? இதை நான் நேத்து கணக்கு வாத்தியார்கிட்ட கூடச் சொன்னேன். அவரு என்ன சொன்னாருன்னா..."

"எங்க போகணும்?"

இதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. இருபது நிமிஷத்துக்குத் தயார் செய்து வைத்திருந்த உரை. முதல் பக்கத்திலேயே கிழித்துவிட்டாள்.

"தியானம் பண்ற இடம். கிறிஸ்தவத் துறவிங்க நடத்தறாங்க. நம்மளை மாதிரி எதுலயும் சேராதவங்களும் போகலாமாம்."

"அங்க யார் இருப்பாங்க?"

"சிஸ்டர்ஸ்."

"உங்களுக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாதே."

"விளையாடாத. மூணு நாள் மௌனம். ஒரு வார்த்தை பேசக்கூடாது."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஒரு வார்த்தை கூடவா?"

"ஒரு வார்த்தை கூட."

"நீங்களா?"

"நான்தான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் மெல்லக் குலுங்கின. எனக்கு மனசு இளகிவிட்டது. எவ்வளவு குறை இருந்தாலும் பிரிவென்று வந்தால் பெண் மனசு தாங்குமா? "மூணே நாள்தாம்மா," என்று ஆறுதல் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். ஐந்து நிமிஷத்தில் என் பெட்டி தயாராக இருந்தது.

"காலுறை ரெண்டு ஜோடி கூடுதலா வெச்சிருக்கேன். ஜெபக்கூடத்துத் தரை ஜில்லுன்னு இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜெபக்கூடத்துல அடுப்பா எரியும்? ஜில்லுன்னுதான் இருக்கும்," என்றாள்.

பதில் நியாயமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். சுண்ணாம்பு அடித்த நீளமான கட்டடம். நடுவில் ஒரு முற்றம், அதில் ஒரே ஒரு பெரிய மரம். வாசலில் மூத்த சிஸ்டர் நின்றிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உருவம், சாந்தமான முகம். அந்தச் சாந்தத்தின் மேல் ஒரு கண்ணாடி, வலது பக்கம் மூன்று மில்லிமீட்டர் சரிந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

ஒரு படிவம் கொடுத்தார். மதம் என்று ஒரு கட்டமே இல்லை. பெயர், முகவரி, பிறகு 'எதைத் தேடி வருகிறீர்கள்?' நிம்மதி என்று எழுதினேன். இடம் மிச்சம் இருந்தது. அதனால் ஏன் என்று விளக்கி, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். சிஸ்டர் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"நாங்க கிறிஸ்துவை நம்பறவங்க. ஒரு நாளைக்கு மூணு வேளை எங்க ஜெபம் நடக்கும். நீங்க எதை நம்பணும்னு நாங்க சொல்ல மாட்டோம். விருப்பம் இருந்தா எங்க கூட வந்து உட்காருங்க. இல்லைன்னா மரத்தடியில உட்காருங்க. ரெண்டும் ஒண்ணுதான். தினமும் உங்களுக்கு இருபது நிமிஷம் என்கிட்ட பேசலாம்."

"இருபது நிமிஷம் மட்டுமா சிஸ்டர்?"

"பல பேருக்கு அதுவே அதிகமாத்தான் இருக்கு," என்றார்.

மணி அடித்தது. மௌனம் தொடங்கியது.

முதல் வேளைச் சாப்பாட்டிலேயே எனக்கு மூச்சு முட்டியது. நீளமான மேஜை. என்னையும் சேர்த்து ஒன்பது விருந்தாளிகள். ரொட்டியும் சூப்பும். எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என்ன தொழில், எத்தனை பிள்ளைகள், இடது கண்ணை ஏன் சுருக்குகிறார், எதுவுமே தெரியாமல் ஒரு மனிதருக்கு எதிரே உட்கார்ந்து எப்படி ரொட்டி தின்பது? பக்கத்தில் ஒரு நர்ஸ். நர்ஸ் என்பது கூட என் ஊகம்தான், கைக்கடிகாரத்தைச் சட்டையில் குத்தியிருந்தார். கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வழியில்லை. எட்டுப் பேருடைய வாழ்க்கை வரலாறும் எட்டுக் கரண்டிச் சத்தமாக என் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

மூன்று நாள் கணக்கு மறுநாள் காலையிலிருந்துதான். அந்த முதல் நாள் முகம் கழுவும்போது குழாயைப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லா வருதே," என்று சொல்லிவிட்டேன். அது பதில் சொல்லவில்லை. மௌனம் அங்கே குழாய் வரை போயிருந்தது.

ஜெபக்கூடத்தில் போய் உட்கார்ந்தேன். தரை ஜில்லென்று இருந்தது. ஒரு மரச் சிலுவை, ஒரு விளக்கு. சிஸ்டர்கள் ஆறு பேர் மெல்லிய குரலில் பாடினார்கள். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார்கள். நானும் கண்ணை மூடினேன். வெளியே சத்தம் நின்றதும் உள்ளே ஒரு ஆள் விடாமல் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. சிஸ்டரின் கண்ணாடியைப் பற்றிப் பேசினான், பஸ் டிரைவரைப் பற்றிப் பேசினான், அரசியல் பேசினான். வாயை மூடுடா என்று சொல்லலாமென்று திரும்பிப் பார்த்தால், அது நான்.

பதினோரு மணிக்கு என் இருபது நிமிஷம் வந்தது. அணை உடைந்த மாதிரி கொட்டினேன். கடை, வீடு, ஒன்பது வாக்கியம், எல்லாம். பதினேழாவது நிமிஷம் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"உங்க மனைவி நிறையப் பேசுவாங்க," என்றார் சிஸ்டர்.

"ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா சிஸ்டர்."

"அவங்க பேசினதுல உங்களுக்கு ஞாபகம் இருக்கறது ஏதாவது சொல்லுங்களேன்."

"குடை எடுத்தீங்களாம்பா."

"அப்புறம்?"

"கேஸ் அணைச்சீங்களா, மாத்திரை போட்டீங்களா. சாப்பிட வாங்கம்பா."

"இதெல்லாம் உங்களைப் பத்தி. அவங்களைப் பத்தி என்ன சொன்னாங்க?"

வாயைத் திறந்தேன். சொல்லியிருப்பாள். சொல்லாமலா இருந்திருப்பாள்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே மிச்ச மூன்று நிமிஷமும் போய்விட்டது.

அன்று மதியம் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தேன். கணக்கு வாத்தியாருடைய மருமகளுக்கு வலது கண்ணில் மைனஸ் இரண்டரை என்பது எனக்குத் தெரியும். அந்த மருமகளுடைய தம்பி வேலையை விட்டதும் தெரியும். என் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த மூன்று மில்லிமீட்டர் என் நிம்மதியைக் கெடுத்தது. சாப்பாட்டு அறையில் சிஸ்டரிடம் போய் அவர் கண்ணாடியைக் காட்டி, என் சட்டைப் பையிலிருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரையும் காட்டினேன். புரிந்துகொண்டு கழற்றிக் கொடுத்தார். காதுக்கம்பியைச் சூடான தேநீர்க் கோப்பையோடு வைத்து இளக்கி, வளைத்து, திருகை முடுக்கி, துடைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்து எதிர் இருக்கைப் பெரியவர் தன்னுடையதை நீட்டினார். அவருக்குப் பின்னால் நர்ஸ். அதற்குப் பின்னால் சமையலறைச் சிஸ்டர். ஒரு வரிசையே நின்றது. ஒரு வார்த்தை பேசாமல் ஏழு கண்ணாடி சரி செய்தேன். என் தொழிலில் இப்படி ஒரு நாள் இருந்ததில்லை. பேச்சு பாதித் தொழில் என்று சொன்னேனல்லவா, அந்தப் பாதி இல்லாமலும் கண்ணாடி சரியாகத்தான் உட்கார்ந்தது. பேசாமல் ஒவ்வொரு முகத்தையும் பார்த்ததில், யார் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது கூடத் தெரிந்தது.

மதியம் சிஸ்டர் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மேலே ஒரு சீட்டு. 'விருந்தாளிகள் மறந்து விட்டுப்போனவை. சரி செய்ய முடியுமா? படிக்கும் கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கு உதவும்.' உள்ளே பதினொரு கண்ணாடி. ஒவ்வொன்றிலும் நூல் கட்டித் தொங்கவிட்ட சின்னச் சீட்டு, எங்கே கிடைத்தது என்று.

ஏழாவது கண்ணாடியை எடுத்தேன். ஆலிவ் பச்சை ஃபிரேம். இடது பக்கத் திருகு மட்டும் செம்பு நிறம். அந்தத் திருகை எனக்குத் தெரியும். கடையில் அன்று வெள்ளைத் திருகு தீர்ந்துபோய், பழைய கண்ணாடியொன்றிலிருந்து கழற்றி நானே போட்டது. இரண்டு மாதம் முன்பு பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி அவள் வேறு வாங்கிக்கொண்டாள். "பொறுப்பே கிடையாது" என்று நான் ஒரு வாரம் பேசினேன்.

சீட்டில் எழுதியிருந்தது: 'ஜன்னலோர நாற்காலி.'

செம்புத் திருகை நகத்தால் தடவிப் பார்த்தேன். அக்கா வீடு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அக்கா வீடு. அங்கே செல்போன் சிக்னல் இருக்காது என்பாள். அக்கா வீட்டு எண்ணுக்குப் போட்டால் அக்காதான் எடுப்பாள். "அவ குளிச்சிட்டிருக்கா மாப்பிள்ளை" என்பாள். காலையில் போட்டாலும் குளியல், மாலையில் போட்டாலும் குளியல். எவ்வளவு சுத்தமான குடும்பம் என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் என் இருபது நிமிஷத்தில் அந்தக் கண்ணாடியை மேஜை மேல் வைத்தேன்.

"சிஸ்டர், இது என் மனைவியோடது."

"அப்படியா."

"அவ இங்க வந்திருக்காளா?"

"வந்து போறவங்களைப் பத்தி நாங்க பேசறதில்லை. நீங்க வந்ததையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

"என்னைப் பத்திச் சொல்லுங்க சிஸ்டர், எனக்கு ஆட்சேபணை இல்லை. அவ என்னத்தைத் தேடி வந்தா?"

"அதை அவங்ககிட்டயே கேளுங்க," என்றார். நேராக உட்கார்ந்திருந்த கண்ணாடி வழியாக என்னை நேராகப் பார்த்தார். "கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க."

அவ்வளவுதான் பேச்சு. நான்கு நிமிஷம்தான் ஆகியிருந்தது. மீதிப் பதினாறு நிமிஷம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் எழுந்துபோய், நூலக அறையில் ஜன்னலோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து முற்றத்து மரம் தெரிந்தது. காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை அவள் காதில் ஊரே பேசுகிறது. ஐந்தரைக்கு வீட்டுக்கு வருகிறாள். ஆறு மணிக்கு நான் வந்து ஆரம்பிக்கிறேன். இந்த நாற்காலிக்கு வர அவளுக்குப் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச எதுவும் தோன்றாமல் பஸ் ஏறினேன்.

அவள் கதவைத் திறந்தாள். முகம் தெளிந்து, ஐந்து வயது குறைந்த மாதிரி இருந்தாள். நாற்காலி ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"உடம்பு சரியில்லையா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன். பச்சைக் கண்ணாடியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஓ" என்றாள்.

"நீ அங்க எதைத் தேடிப் போன?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அது லேசான காரியமில்லை. எனக்குள் பதினான்கு துணைக் கேள்விகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக் கடிகாரம் சத்தம் போடும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"எதையும் தேடிப் போகலைங்க. காது வலிச்சுது. அதான். முதல் தடவை ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரி கூட்டிட்டுப் போனா. அவ ஜெபம் பண்ணினா. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் ஏன்னு கேக்கலை. அழுகை வந்துச்சு. நல்லா இருந்துச்சு."

காத்திருந்தேன்.

"உங்ககிட்ட சொல்லியிருப்பேன். சொல்ல வர்றப்பல்லாம் நீங்க ஏதாவது சொல்லிட்டிருப்பீங்க. குறையாச் சொல்லலை. எனக்கு அது பிடிக்கும். ஆபீஸ்ல போன் பண்றவங்க எல்லாரும் தண்ணி வராததையே சொல்வாங்க. நீங்க ஒருத்தர்தான் கடைக்கு வந்ததை எல்லாம் சொல்வீங்க. ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை காது போதும்னு சொல்லிடும்."

அதற்குப் பிறகும் அவள் பேசினாள். பக்கத்து சீட்டுக்காரி பற்றி, ஜன்னலோர நாற்காலி பற்றி, ஒரு தடவை அங்கே மழை பெய்தது பற்றி. முக்கால் மணி நேரம். வாக்கியங்களை நான் எண்ணவில்லை. நடுவில் நான் சொன்னது இரண்டே இரண்டு "ம்." அவள் குரல் பேசப் பேசக் கொஞ்சம் கரகரக்கும், அப்போது அழகாக இருக்கும் என்பதைக் கண்டுபிடித்தேன். இருபத்திரண்டு வருஷம் தாமதம்தான்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு மகத்தான யோசனையும் பிறந்தது.

"இனிமே நாம ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்மா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை. நீ ஜன்னலோரம் உட்காரு, நான் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக்கறேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க. நான் இனிமே அங்க போகப் போறதில்லை."

எனக்குக் கண் கலங்கியது. மூன்றே நாளில் நான் அவ்வளவு மாறிவிட்டேனா? ஒரு கணவன் திருந்தினால் ஒரு பெண்ணுக்கு ஆசிரமமே தேவைப்படாது என்பதற்கு நானே சாட்சியாகிவிட்டேனா?

"நிஜமாவா? ஏன்?"

"இந்த மூணு நாள்தான் எனக்கே தெரிஞ்சுது. அவ்ளோ தூரம் பஸ்ல போக வேண்டிய அவசியமே இல்லைங்க, நம்ம வீடே அப்படி அமைதியா இருந்துச்சு," என்றாள். "அதான் இன்னிக்குக் காலையில சிஸ்டருக்குப் போன் பண்ணி, அடுத்த மாசத்துலயிருந்து மாசா மாசம் உங்களுக்கு ஒரு இடம் சொல்லி வெச்சுட்டேன்."